வேகமேற்றுகையில் நடுங்கும் மோட்டார் வண்டி

வெளிக்களப் பணியாளரின் வண்டி வழியில் நின்றுவிடுமாயின் குறையைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் எளிது. எது உடைந்தது, எது ஒழுகுகிறது என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். நிற்காமல் ஓடிக்கொண்டே நடுங்கும் வண்டிதான் உண்மையில் தொல்லை தருவது. சமதரையில் மிதியினின்று காலை எடுத்துவிட்டால் அது சீராகவே ஓடுகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்து வேகமேற்றியதும், அல்லது ஏற்றத்தில் ஏறத் தொடங்கியதும், இருக்கையும் தரையும் நடுங்குகின்றன. "வண்டி உதறுகிறது" என்கிறார் டிரைவர். பட்டறைக்காரர் தமக்குப் பழக்கமான ஏதோ ஒன்றைக் கழற்றி மாற்றுகிறார். இரண்டு நாள் நன்றாக இருப்பதுபோல் தோன்றிப் பிறகு பழைய கதையே தொடர்கிறது.

இந்நடுக்கத்தின் காரணத்தை ஊகிக்க வேண்டுவதில்லை. வண்டியில் சுழலும் உறுப்புகள் பல. அவை ஒவ்வொன்றும் வெவ்வேறு வேகத்தில் சுழல்கின்றன. ஆகவே, நடுக்கம் எதனைத் தொடர்ந்து கூடுகிறது, எதனைத் தொடர்ந்து தணிகிறது என்று கவனித்தால், அது பிறக்கும் இடத்தை ஒரு திருகாணியையும் தொடாமலே பெரும்பாலும் கூறிவிடலாம். பள்ளியில் பௌதிகம் கற்பிக்கும் ஆசிரியருக்கு இதிலுள்ள கணக்கு முழுவதும் பழக்கமானதே. அதை வண்டியின் அடியில் கொண்டுபோய் வைப்பதுதான் புதிது.

2016-ஆம் ஆண்டில் நான் டேராடூனைச் சார்ந்த மலைப்பகுதியில் பணியாற்றினேன். டேராடூன் நகரம் கடல்மட்டத்துக்குச் சுமார் 640 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; முசூரி சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இடையே ஏறக்குறைய 35 கிலோமீட்டர் நீளமுள்ள வளைவுச் சாலை. எங்களுக்கு ஒரு டீசல் ஜீப் இருந்தது. எஞ்சின் முன்புறம், உந்தும் சக்கரங்கள் பின்புறம், பின் அச்சுக்கு இலைவில் என்ற பழைய அமைப்பு. மழைக்காலம் முடிந்த பிறகு அவ்வண்டி ஏற்றத்தில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தை நெருங்கியதும் நடுங்கத் தொடங்கியது. முதற் பட்டறையில் இன்ஜெக்டர்களைச் சுத்தம் செய்து டீசல் ஃபில்டரை மாற்றினார்கள். இரண்டாம் பட்டறையில் நான்கு சக்கரங்களையும் எடைச்சமன் செய்து, இரண்டு டயர்களைப் புதிதாகப் போட்டார்கள். அலுவலகத்தின் மூன்று மாதப் பழுதுச் செலவு தீர்ந்தது, நடுக்கம் தீரவில்லை. அதன் முடிவைப் பின்னர்க் கூறுவேன்.

வேகமேற்றும்போது நிகழ்வது யாது?

ஓடும் வண்டியின் மிதியினின்று காலை எடுத்தால் சக்கரங்கள் சுழல்கின்றன. அவற்றோடு இணைந்த தண்டுகளும் சுழல்கின்றன. ஆனால் அவற்றின் வழியே செல்லும் முறுக்கு விசை மிகச் சிறிது. மிதியை அழுத்தியதும் சுழற்சி வேகம் உடனே மாறிவிடுவதில்லை. முறுக்கு விசைதான் உடனே பன்மடங்கு உயர்கிறது. எஞ்சின் தன் ரப்பர்த் தாங்கிகளின்மீது ஒருபுறம் சாய்கிறது. தண்டுகளின் மூட்டுகளில் உள்ள தளர்ச்சி ஒரு பக்கமாகத் தள்ளப்படுகிறது. பின் அச்சு, சக்கரங்களை முன்னோக்கி உருட்டுவதன் எதிர்விளைவால், தன் முகப்பை மேல்நோக்கித் தூக்கிக்கொள்கிறது.

ஆகவே, சுழற்சியால் மட்டுமே பிறக்கும் நடுக்கமும் முறுக்கு விசையால் பிறக்கும் நடுக்கமும் இரு வேறு இனங்கள். முதல் இனம் காலை எடுத்தாலும் நீடிக்கும். இரண்டாம் இனம் காலை எடுத்ததும் தணியும். இந்த ஒரு வேறுபாட்டைக் கேட்டறியாமலே நம் பட்டறைகளில் பாதி வேலை நடைபெறுகிறது என்றால் மிகையாகாது.

சாலையில் செய்யத்தக்க சோதனைகள்

வாகன நெரிசலில்லாத நேரான சாலையைத் தேர்ந்துகொள்க. ஓட்டுபவர் ஒருவரும் கவனித்துக் குறிப்பவர் ஒருவரும் வேண்டும். ஒருவரே இரண்டையும் செய்வது ஆபத்து. நடுக்கம் மிகுதியாக உள்ள வேகத்தை முதலில் குறித்துக்கொண்டு, அவ்வேகத்தில் காலை முற்றிலும் எடுக்கவேண்டும். வேகமானி முள் இறங்குமுன் நடுக்கம் சட்டென்று அடங்கினால் குறை முறுக்கு விசையைச் சார்ந்தது. அடங்காமல் வேகத்தோடு மெல்ல இறங்கினால் சக்கரம், டயர் ஆகியவற்றில் தேடுக.

அடுத்து, அதே வேகத்தை வேறொரு கியரில் எட்டிப் பார்க்கவேண்டும். மூன்றாம் கியரில் ஒரு முறை, நான்காம் கியரில் ஒரு முறை. வண்டியின் வேகம் ஒன்றாயிருக்க எஞ்சினின் வேகம் மட்டும் மாறுகிறது. அதிர்வின் துடிப்பு கியரோடு மாறினால் குறை கியர்ப்பெட்டிக்கு முன்னால், அதாவது எஞ்சினிலும் அதன் தாங்கிகளிலும், இருக்கிறது. மாறாமல் அப்படியே இருந்தால் கியர்ப்பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. வண்டியை நிறுத்தி நியூட்ரலில் எஞ்சினை முடுக்கிப் பார்ப்பதும் உண்டு. அங்கே நடுங்கினால் எஞ்சின் குற்றவாளி என்பது உறுதி. நடுங்காவிட்டால் அது குற்றமற்றது என்று விட்டுவிடக் கூடாது. சுமையில்லாத எஞ்சின் தன் குறையை மறைத்துக்கொள்ளும்.

எண்களைக் கொண்டு பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 215/75 ஆர் 15 என்று குறியிட்ட ஜீப் டயரை எடுத்துக்கொள்வோம். அதன் விட்டம் சுமார் 703 மில்லிமீட்டர். சுற்றளவு சுமார் 2.2 மீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 16.7 மீட்டர். ஆகவே சக்கரம் வினாடிக்கு ஏறக்குறைய 7.5 முறை சுழல்கிறது. பின் அச்சின் பற்சக்கர விகிதம் 4 என்று கொண்டால், எஞ்சின் பக்கத்திலிருந்து பின் அச்சுக்கு வரும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் வினாடிக்கு 30 முறை சுழலும். இதனை இனி நெடுந்தண்டு என்று குறிப்பிடுவோம். நேர்கியரில் எஞ்சினும் அதே 30 முறை, அதாவது நிமிடத்துக்கு 1,800 முறை, சுழலும். நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சிலிண்டர் மட்டும் எரியத் தவறினால், இரு சுழற்சிக்கு ஒரு முறை வீதம், வினாடிக்கு 15 முறை குலுக்கும். இவ்வாறு ஒரே வேகத்தில் சக்கரத்தின் துடிப்பு 7.5, எஞ்சின் தவறுதலின் துடிப்பு 15, நெடுந்தண்டின் துடிப்பு 30. கியர் விகிதம் 1.4 ஆக உள்ள கீழ்க்கியரில் அதே 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் எஞ்சினுடைய 15 மட்டும் 21 ஆகிறது, மற்றவை அசையவில்லை.

வினாடிக்கு ஏழெட்டு முறை என்பதைக் கையும் இடுப்பும் தனித்தனி அசைவாக உணரும். பதினைந்து, இருபது என்பது விறுவிறுப்பான உதறல். முப்பதுக்கு மேல் அது அதிர்வாகவும் தாழ்ந்த ரீங்காரமாகவும் கலந்து வருகிறது. இதற்கு மேலும் துல்லியம் வேண்டுமானால் சட்டைப்பையிலுள்ள கைப்பேசியே கருவி. அதனுள் முடுக்கத்தை அளக்கும் சிறு உணரி இருக்கிறது. ஜெர்மனியிலுள்ள ஆக்கன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் 2016-இல் வெளியிட்ட ஃபைஃபாக்ஸ் என்னும் இலவசச் செயலி, அவ்வளவீட்டை அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும். கைப்பேசியை இருக்கையின் இரும்புச் சட்டத்தில் இறுகக் கட்டவேண்டும். மெத்தையின்மீது வைத்தால் மெத்தையின் அசைவே பதிவாகும்.

சக்கரத்தைப் பற்றிச் சிறிது

காலை எடுத்தும் நீங்காத நடுக்கத்தைப் பற்றி அதிகம் கூற வேண்டுவதில்லை. எடைச்சமன் இழந்த சக்கரத்தின் மையவிலக்கு விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகும். விளிம்பில் 50 கிராம் எடை மிகுந்தால், 60 கிலோமீட்டர் வேகத்தில் அது சுமார் 2 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையோடு சக்கரத்தை இழுக்கிறது. 90 கிலோமீட்டரில் ஏறக்குறைய 5 கிலோகிராம். களிமண் நிலங்களில் சென்று திரும்பிய வண்டிகளில் சக்கரத்தின் உட்புறம் சேறு அப்பிக் காய்ந்திருக்கும். அதைக் கழுவாமல் எடைச்சமன் செய்யக் கொடுப்பது வீண்செலவு. ஒரு வாளி நீரோடு தீர்ந்துபோன நடுக்கங்களை நான் பலமுறை கண்டதுண்டு.

எஞ்சின் தவறுதல்

பட்டறைகளில் 'மிஸ்ஸிங்' என்று கூறும் இக்குறை, சுமையேறும்போது மட்டும் தோன்றுவது ஏன் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. பெட்ரோல் எஞ்சினில் மிதியை அழுத்தும்போது சிலிண்டருக்குள் அதிகக் காற்று புகுகிறது. அமுக்கத்தின் முடிவில் வாயு அடர்ந்து நிற்கிறது. அடர்ந்த வாயுவில் மின்பொறி பாய உயர்ந்த மின்னழுத்தம் வேண்டும். ஸ்பார்க் பிளக்கின் இடைவெளி தேய்ந்து அகன்றிருந்தாலும், மின்சுருளின் காப்பு பலவீனப்பட்டிருந்தாலும், இலேசான ஓட்டத்தில் பாயும் பொறி சுமையில் பாயாமல் வேறு வழியே ஒழுகிவிடுகிறது. எரிபொருள் ஃபில்டர் அடைபட்டிருந்தாலும் இதே கதைதான்: சிறு தேவைக்குப் போதிய பெட்ரோல் பெருந்தேவைக்குப் போதாது. ஆனால் அப்போது உதறலைவிட இழுவைக் குறைவும் இடையிடையே வெட்டி இழுத்தலும் மிகுந்து தோன்றும்.

கணிப்பொறி ஆளும் இக்கால எஞ்சின்கள் இக்குறையைத் தாமே கண்டு எழுதிவைக்கின்றன. ஸ்டியரிங் சக்கரத்தின் அடியிலுள்ள செருகியில் சோதனைக் கருவியை இணைத்தால், பி 0301 என்பது முதற் சிலிண்டர், பி 0302 என்பது இரண்டாம் சிலிண்டர் எனக் குறியெண்ணே குற்றவாளியைக் காட்டிவிடும். பெட்ரோல் வண்டியில் எஞ்சின் விளக்கு மின்னி மின்னி எரியுமாயின் மிதியைத் தளர்த்தி விரைவில் நிறுத்துதல் வேண்டும். எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள வினையூக்கிப் பெட்டியில் சென்று எரிந்து, அதை உருக்கிவிடும்.

டீசல் வண்டியானால், மழைக்காலத்தில் முதலில் ஃபில்டரின் அடித்திருகைத் திறந்து நீரை வடித்துப் பார்க்கவேண்டும். இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். பழைய டீசல் எஞ்சின்களில் ஒவ்வோர் இன்ஜெக்டர்க் குழாயின் நட்டையும் தளர்த்தி, எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று அறிவது வழக்கம். காமன் ரெயில் அமைப்புள்ள எஞ்சினில் இதனை ஒருபோதும் செய்யலாகாது. அக்குழாய்களில் ஆயிரம் வளிமண்டலங்களுக்கும் மேற்பட்ட அழுத்தம் நிற்கிறது. நூலிழை போன்ற டீசல் தாரை தோலைத் துளைத்துத் தசைக்குள் சென்றுவிடும். வெளியே ஊசி குத்திய தழும்புதான் தெரியும். சில மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை செய்யாவிடில் விரலையோ கையையோ இழக்க நேரும்.

நெடுந்தண்டும் அதன் மூட்டுகளும்

வேகமேற்றுகையில் நடுங்கும் ஜீப்புகளில், என் அனுபவத்தில், மிகுதியும் கவனிக்கப்படாது விடப்படுவது இப்பகுதியே. எஞ்சினும் கியர்ப்பெட்டியும் சட்டத்தின்மீது நிலையாக நிற்கின்றன. பின் அச்சோ சாலைக்கேற்ப ஏறி இறங்குகிறது. இரண்டுக்கும் இடையே சுழற்சியைக் கொண்டுசெல்லும் நெடுந்தண்டு, இரு முனைகளிலும் வளைந்து கொடுக்கவேண்டும். இதற்காகவே யுனிவர்சல் மூட்டு அமைந்திருக்கிறது. எதிரெதிராக நிற்கும் இரண்டு கவைகள். நடுவே அவற்றைப் பிணைக்கும் ஒரு சிலுவை. நம் மெக்கானிக்குகள் இதனைக் 'கிராஸ்' என்றே அழைப்பர். 16-ஆம் நூற்றாண்டு இத்தாலிய அறிஞர் கார்டானோவின் பெயராலும், 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய விஞ்ஞானி ராபர்ட் ஹூக்கின் பெயராலும் இம்மூட்டு வழங்குகிறது.

இம்மூட்டுக்கு ஓர் இயல்பான குறை உண்டு. வளைந்து நிற்கையில், முன் தண்டு ஒரே சீராகச் சுழன்றாலும் பின் தண்டு சீராகச் சுழலுவதில்லை. ஒரு சுழற்சிக்குள் இருமுறை விரைந்து, இருமுறை தாமதிக்கிறது. வளைவின் கோணம் 15 பாகையானால், நிமிடத்துக்கு 1,800 முறை சுழலும் தண்டின் மறுபுறம் 1,739-க்கும் 1,863-க்கும் இடையே ஊசலாடும். இக்குறையைப் போக்க இரண்டாவது மூட்டு உதவுகிறது. முதல் மூட்டு விரையும்போது அது தாமதித்தும், முதல் மூட்டு தாமதிக்கும்போது அது விரைந்தும் கணக்கை நேர் செய்கிறது. ஆனால் இதற்கு இரண்டு நிபந்தனைகள் உள. மூட்டுகள் இரண்டிலும் கோணம் சமமாயிருக்கவேண்டும். நெடுந்தண்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் இருக்கவேண்டும். இரண்டாம் நிபந்தனை தவறி, ஒரு கவை மற்றதற்குக் குறுக்காக நின்றுவிட்டால், இரண்டாம் மூட்டு முதல் மூட்டின் குறையைத் தீர்ப்பதற்குப் பதிலாக இரட்டிக்கும்.

நெடுந்தண்டு நீண்டு சுருங்குவதற்காக அதன் ஒரு பகுதி மற்றொன்றுக்குள் பல்வரிசையின்மீது சறுக்குமாறு அமைந்திருக்கிறது. கழற்றிய தண்டைத் திரும்பப் பூட்டும்போது அப்பல்வரிசை எந்தப் பல்லில் வேண்டுமானாலும் நுழையும். தவறாக நுழைந்தாலும் ஏதும் தடுக்காது. தயாரிப்பாளர் இரு பகுதியிலும் அம்புக்குறி பொறித்திருப்பார். அது எண்ணெய் அழுக்கில் மறைந்திருக்கும்.

கோணம் பற்றிய முதல் நிபந்தனைக்கும் வேகமேற்றலுக்கும் நேர்த் தொடர்பு இருக்கிறது. முறுக்கு விசை உயரும்போது பின் அச்சின் முகப்பு மேலெழுகிறது என்று கண்டோம். அதனைத் தடுத்து நிறுத்துவது, பட்டறைகளில் 'கமான் பட்டை' என வழங்கும் இலைவில்லும், அச்சோடு அதனைப் பிணைக்கும் யூ-போல்ட்டுகளும் ஆகும். யூ-போல்ட்டு தளர்ந்திருந்தாலும், நடு போல்ட்டு முறிந்திருந்தாலும், வில் சோர்ந்திருந்தாலும், முகப்பு அளவுக்கு மீறி எழுந்து பின் மூட்டின் கோணத்தைக் கெடுத்துவிடும். எஞ்சினின் ரப்பர்த் தாங்கி நைந்து தாழ்ந்திருந்தால் முன் மூட்டின் கோணம் கெடும். அளவுக்கு மிஞ்சிய பாரம் ஏற்றினாலும் அப்படியே. மருந்துப் பெட்டிகளோ விதை மூட்டைகளோ ஏற்றிய நாளில் மட்டும் வண்டி நடுங்குகிறது என்று டிரைவர் கூறினால் அதனை அலட்சியம் செய்யலாகாது.

நெடுந்தண்டின் எடைச்சமனும் முக்கியமானது. அது சக்கரத்தைப் போல் நான்கு மடங்கு வேகத்தில் சுழல்வதால், சிறு குறையும் பதினாறு மடங்கு பேசும். தண்டின்மீது ஒட்டவைத்த 20 கிராம் சமன்தகடு கல்லில் அடிபட்டு விழுந்துவிட்டால், 60 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரத்தின் 50 கிராமைவிட அதிக விசையை அது உண்டாக்கும். ஆற்றுப்படுகைக் கற்களில் அடிபட்டு நசுங்கிய தண்டும் இவ்வாறே.

இனி முசூரிச் சாலைக்குத் திரும்புவோம். மூன்றாம் முறை செலவு எழுதுமுன், டிரைவரை அழைத்து உட்காரவைத்துக் கேட்டேன். அவர் கட்வால் பகுதியைச் சேர்ந்தவர். அம்மலைச்சாலைகளில் இருபது ஆண்டு ஓட்டியவர். இரண்டாம் கியரிலும் மூன்றாம் கியரிலும் அதே முப்பதில்தான் நடுங்குகிறது, நடுக்கமும் ஒரே மாதிரிதான் என்றார். அப்படியானால் எஞ்சின் இல்லை. இறக்கத்தில் காலை எடுத்து வரும்போது அநேகமாக ஒன்றுமே தெரிவதில்லை என்றார். அப்படியானால் சக்கரமும் இல்லை. இவ்விரண்டையும் அவரிடம் அதுவரை யாரும் கேட்கவில்லை. எப்போது தொடங்கியது என்று கேட்டதற்கு, "சாகிப், மழைக்குப் பிறகு கிராஸ் மாற்றினார்களே, அன்றிலிருந்துதான்" என்றார்.

அன்று மாலையே வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து அடியில் பார்த்தோம். நெடுந்தண்டின் இரு கவைகளும் ஒரே தளத்தில் இல்லை. கண்ணுக்கே தெரியும் அளவுக்கு விலகியிருந்தன. கிராஸ் மாற்றியவர்கள் தண்டைத் தவறான பல்லில் பூட்டியிருந்தார்கள். மணிக்கு 30 கிலோமீட்டரில் தண்டு வினாடிக்கு 15 முறை சுழலும்; சுழற்சிக்கு இருமுறை வீதம் 30 துடிப்பு. நாங்கள் உணர்ந்த ரீங்காரம் அதுவே. எங்களைத் திடுக்கிடச் செய்தது அதுவன்று. தண்டின் முன் முனையைப் பிடிக்கும் நான்கு போல்ட்டுகளில் இரண்டு விரலாலேயே திரும்பின. புதிய லாக் நட்டுகளுக்குப் பதிலாகப் பழையவற்றையே மீண்டும் போட்டிருந்தார்கள். மூன்று மாத நடுக்கம் அவற்றைத் தளர்த்திவிட்டிருந்தது. முன் முனை அறுந்து விழும் நெடுந்தண்டு தரையில் ஊன்றி, ஓடும் வண்டியின் பின்பாகத்தைக் கம்பு ஊன்றித் தாண்டுபவனைப் போல் தூக்கிவிடக்கூடும். அச்சாலையின் ஒருபுறம் பள்ளம். அவ்வண்டியில் நாங்கள் வாரத்துக்கு நான்கு நாள் ஆறு பேர் சென்றுவந்தோம்.

தண்டைச் சரியான பல்லில் பூட்டிப் புதிய நட்டுகளை இறுக்கியதும் நடுக்கம் நின்றது. ஆன செலவு நான்கு நட்டுகளின் விலை. டிரைவர் இரு பகுதிகளிலும் வெள்ளைச் சாயத்தால் நேர்கோடு ஒன்று இழுத்துவைத்தார்.

அடியில் புகுந்து பார்க்கும் முறை

இச்சோதனையை எவரும் செய்யலாம். எஞ்சின் நிறுத்தப்பட்டிருக்கவேண்டும், தண்டும் புகைக்குழாயும் ஆறியிருக்கவேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் புகலாகாது. உறுதியான ஸ்டாண்டு வேண்டும். கியரை நியூட்ரலில் வைத்து, மூட்டின் இரு கவைகளையும் இரு கைகளால் பிடித்து எதிரெதிராகத் திருக்கிப் பார்க்கவேண்டும். சிலுவைக்கும் கவைக்கும் இடையே சிறு ஆட்டம் தென்பட்டாலும் கிராஸ் தேய்ந்துவிட்டது. மூட்டின் கிண்ணங்களைச் சுற்றித் துருநிறப் பொடி படிந்திருந்தால், உள்ளேயுள்ள ஊசி பேரிங்குகள் கிரீஸின்றி வறண்டு அரைபடுகின்றன என்று பொருள். ரிவர்ஸிலிருந்து முன் கியருக்கு மாற்றும்போது 'டக்' என்று கேட்கும் ஒலியும் இதன் முன்னறிவிப்பே. நிப்பிள் உள்ள மூட்டுகளில் கிரீஸ் கன்னால் அடிக்கும்போது நான்கு கிண்ணங்களின் விளிம்பிலும் புதிய கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை அடிக்கவேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால், வராத அந்த ஒன்றே முதலில் கெடும். இரு துண்டாக அமைந்த நீண்ட தண்டுகளில் நடுவே தாங்கும் பேரிங்கின் ரப்பரையும் பார்க்கவேண்டும். அது கிழிந்திருந்தால் வண்டி புறப்படும்போதே உதறும்.

முன்சக்கர இயக்க வண்டிகள்

1983 டிசம்பரில் குர்காவ் தொழிற்சாலையிலிருந்து மாருதி 800 வெளிவந்த பிறகு, முன்சக்கரங்களால் உந்தப்படும் சிறு கார்கள் நம் நாட்டில் பெருகின. இவற்றில் நெடுந்தண்டு இல்லை. கியர்ப்பெட்டியிலிருந்து இரு பக்கமும் இரு குறுந்தண்டுகள் சக்கரங்களுக்குச் செல்கின்றன. பல கார்களில் உட்புற மூட்டு மூன்று உருளைகள் மூன்று பள்ளங்களில் ஓடுமாறு அமைந்தது. பள்ளம் தேய்ந்துவிட்டால், முறுக்கு விசை மிகும்போது உருளைகள் சீராக ஓடாமல் தண்டை முன்னும் பின்னும் தள்ளும். ஒரு சுழற்சிக்கு மூன்று முறை. 12 அங்குலச் சக்கரமுள்ள சிறு காரில் 60 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் வினாடிக்குச் சுமார் 10 முறை சுழலும். ஆகவே துடிப்பு சுமார் 31. காரின் முன்பாகம் பக்கவாட்டில் அசைவதுபோல் தோன்றுவது இதன் அடையாளம். வெளிப்புற மூட்டின் தேய்வு வேறு விதமானது; அது வண்டியைத் திருப்பும்போது 'கடக் கடக்' என்று ஒலிக்கும். இரண்டுக்கும் மூலகாரணம் ஒன்றே: மூட்டை மூடும் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் வெளியேறி, மணல் உட்புகுதல். கிழிந்த உறையை உடனே மாற்றினால் மூட்டு தப்பும். ஒரு மழைக்காலம் தாமதித்தால் மூட்டையே மாற்றவேண்டிவரும்.

புறப்படும் கணத்தில் மட்டும் உதறி, கிளட்ச் மிதியை முற்றிலும் விட்டதும் நின்றுவிடும் நடுக்கம் கிளட்ச் தட்டைச் சேர்ந்தது. எண்ணெய் படிந்த தட்டைத் துடைத்துப் பயனில்லை, ஒழுகும் சீலையும் சேர்த்து மாற்றவேண்டும். எஞ்சின் தாங்கிகளைச் சோதிக்கக் கைப்பிரேக்கை இறுக்கி, கிளட்சைச் சிறிதே விட்டு, எஞ்சின் எவ்வளவு சாய்கிறது என்று மூடியைத் திறந்து பார்ப்பர். பார்ப்பவர் வண்டியின் பக்கவாட்டில்தான் நிற்கவேண்டும். முன்னாலோ பின்னாலோ ஒருபோதும் நிற்கலாகாது.

வகுப்பறையில்

ஆசிரியர்கள் இவ்விரு இன நடுக்கங்களையும் வண்டியின்றியே காட்டலாம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பின்சக்கரத்தின் கம்பி ஒன்றில், விளிம்பை ஒட்டி, எலுமிச்சையளவு களிமண்ணை அப்பிப் பெடலைச் சுழற்றுக. சைக்கிள் குதிக்கும். பெடலிலிருந்து கையை எடுத்தபின்னும் சக்கரம் ஓடும்வரை குதித்துக்கொண்டே இருக்கும். இது முதல் இனம். இனிக் களிமண்ணை எடுத்துவிட்டு, சங்கிலியில் ஒரே ஒரு கண்ணியின்மீது நூலைத் தடிமனாகச் சுற்றிவிட்டுச் சுழற்றுக. அந்தக் கண்ணி பற்சக்கரத்தில் ஏறும்போதெல்லாம் கைக்கு ஓர் இடறல் தெரியும். கையை எடுத்ததும் இடறல் இல்லை, சக்கரம் தன்போக்கில் அமைதியாக ஓடுகிறது.

மூட்டின் கணக்கைக் காட்ட, பட்டறைகளில் சாக்கெட் ஸ்பானர் பெட்டியோடு வரும் சிறு யுனிவர்சல் மூட்டு போதும். இரு முனைகளிலும் அட்டையாலான பாகைமானியைப் பொருத்தி, மூட்டை 30 பாகை வளைத்துப் பிடிக்கவேண்டும். முன் முனையின் கவை, வளைவு அமைந்த தளத்திலேயே நிற்குமாறு வைத்து, இரு அளவுகளையும் பூஜ்யத்தில் தொடங்குக. முன் முனையை 45 பாகை திருப்பினால் பின் முனை 45 காட்டாது. ஏறக்குறைய 49 பாகை காட்டும். கவையைக் குறுக்காக நிறுத்தித் தொடங்கினால் 41 பாகை காட்டும். முன் முனை 90 பாகை எட்டும்போது இரண்டு நிலைகளிலும் பின் முனையும் 90 பாகையில் வந்து நிற்கும். மாணவர்கள் ஐந்தைந்து பாகையாகத் திருப்பி வரைபடம் வரைந்தால், எங்கே முந்துகிறது, எங்கே பிந்துகிறது என்பது கோட்டின் வளைவிலேயே தெரியும்.